மலைமேல் கப்பல் நாற்காலி

கப்பல் சாப்பாட்டு அறையில் வேலை கிடைத்துக் கொச்சிக்குப் போகிற பிள்ளைகள், புறப்படுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு நடை வந்துவிட்டுப் போகிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் முள்கரண்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மீனுக்கு எது, இறைச்சிக்கு எது, எந்தப் பக்கம் வைப்பது, எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது. தம்பிகளே, அது இரண்டு நாளில் வந்துவிடும். வராவிட்டாலும் குடி முழுகாது. பசியோடு வந்தவன் எந்தக் கரண்டியாலும் சாப்பிடுவான். பசி இல்லாதவன்தான் கரண்டியைக் குற்றம் சொல்வான். இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது வந்து, "ஏனுங்க, சாப்பிட வர்றவங்கள எப்படிங்க உக்கார வெக்கிறது?" என்று கேட்டதுண்டா? கிடையாது. உட்காருவது தானாக நடக்கிற காரியம் என்று நினைப்பு.

தானாக ஒன்றும் நடக்காது. சூப் ஆறிப்போனால் சூடு பண்ணிக் கொடுக்கலாம். உட்கார்ந்த இடம் சரியில்லை என்றால் கடைசிப் பழத்தட்டு வரைக்கும் அந்த மனுஷனுக்கு நரகம்தான். காது மந்தமானவரை உட்கார வைக்கும்போது எந்தக் காது கேட்கும் என்று தெரிந்துகொண்டு, அந்தப் பக்கம் பேச்சுக்காரர் ஒருவரைப் போட வேண்டும். கனத்த உடம்புக்காரருக்குக் கை இல்லாத நாற்காலி. அதையும் அவர் வருவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். வந்த பிறகு மாற்றினால் அவருடைய உடம்பைப் பற்றித் தமுக்கு அடித்ததாக ஆகும். கோல் ஊன்றி வருகிறவருக்கு வாசலுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தால் போதும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வாசலுக்குப் பக்கத்தில்தான் குளிர்காற்றும் வரும், தட்டுத் தூக்குகிறவனுடைய முழங்கையும் வரும். அவருக்கு வேண்டியது சுவரோரம் ஒரு இடம், கோலைச் சாய்த்து வைக்க ஒரு மூலை, எழுந்திருக்கும்போது கையை ஊன்ற ஆடாத ஒரு மேஜை.

இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பீர்கள். ஒரு மடத்தனம் சொல்லிக் கொடுத்தது. வேறு யாருடையதும் இல்லை, என்னுடையதுதான். அதைக் கேட்டுவிட்டு அப்புறம் கரண்டிக்குப் போவோம்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் என்னைக் "கப்பல் பட்லர்" என்கிறார்கள். சீமை வரைக்கும் போய் வந்தவன் என்று பாதிப் பேர் இன்னும் நம்புகிறார்கள். நான் வேலை பார்த்தது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில் ஓடுகிற சின்னக் கப்பலில். சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலையில் கொழும்பு. அதிலும் சாப்பாட்டு அறைக்குள் நான் போனது எச்சில் தட்டு எடுக்க மட்டும். மற்ற நேரமெல்லாம் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஆனால் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தண்ணீர் என்பது கிணற்றுக்கு அடியில் எட்டிப் பார்க்க வேண்டிய சமாசாரம். அங்கிருந்து போனவன் கடலில் நாலு வருஷம் இருந்தேன் என்றால், எந்தக் கடல், எவ்வளவு கடல் என்று யார் கேட்கப்போகிறார்கள்? யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தப் பெருமையை மூட்டை கட்டிக்கொண்டு, மறையூருக்கு மேலே மலையில் தேயிலைத் தோட்டத் துரைமார்களுடைய கிளப் ஒன்றில் பட்லராகச் சேர்ந்தேன். பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆன சமயம். வெள்ளைக்காரத் துரைமார்கள் சனிக்கிழமை சனிக்கிழமை குதிரையிலும் மோட்டாரிலும் வந்து கூடுவார்கள். கிளப்புக்கு ஒரு செக்ரட்டரி துரை. அவரும் ஒரு தோட்டத்து மேனேஜர்தான். பெயர் வேண்டாம். நல்ல மனிதர் என்றும் சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் சொல்ல முடியாது, செக்ரட்டரி, அவ்வளவுதான்.

அவர் ஒரு தடவை லீவில் சீமைக்குப் போய்வந்தார். போகிற வழியில் கப்பலில் கேப்டனுடைய மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும் பாக்கியம் ஒரு நாள் வாய்த்திருக்கிறது. அன்றோடு மனுஷர் தரையில் இறங்கவே இல்லை. திரும்பி வந்ததும் கிளப் வராந்தாவுக்கு "டெக்" என்று பெயர் வைத்தார். சாப்பாட்டு மணியைக் கழற்றிவிட்டுக் கப்பல் மணியை மாட்டினார். மழை அடித்தால், "கடல் இன்றைக்குக் கொஞ்சம் முரடு" என்பார். சுற்றிலும் அறுபது மைலுக்குக் கடல் கிடையாது. துரைமார்களும் தலையை ஆட்டுவார்கள். கப்பல் சங்கதி தெரியாதவர்கள் என்று காட்டிக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

கடைசியில் பம்பாயில் உடைத்துப்போட்ட ஒரு பழைய பயணக் கப்பலின் சாப்பாட்டு நாற்காலிகள் இருபத்துநாலை ஏலத்தில் எடுத்துவிட்டார். அவை ரயிலில் வந்து, மாட்டு வண்டியில் வந்து, கடைசி ஏற்றத்தில் தோட்டத்து ஆட்களின் தலைமேல் வந்து சேர்ந்தன. நாலு கால் கிடையாது. நடுவில் ஒரே இரும்புக் கால். அடியில் தட்டையான இரும்பு வட்டம். அந்த வட்டத்தில் நாலு ஓட்டை, போல்ட் போட்டுத் தரையோடு முடுக்க. மேலே இருக்கை மட்டும் சுழலும். பக்கவாட்டில் திருப்பி உட்கார்ந்து, மேஜைப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். கப்பல் ஆடும்போது நாற்காலி ஆளோடு உருண்டு போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

செக்ரட்டரி துரைக்கே ஒரு சந்தேகம் வந்தது. அவர் வாழ்க்கையில் வந்த ஒரே நல்ல சந்தேகம். என்னைக் கூப்பிட்டுத் தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

"பட்லர், நீ கப்பல் ஆள். சொல்லு. இங்கே தரை ஆடாது. போல்ட் போடணுமா, வேண்டாமா?"

"வேண்டாம் தொரை, நாலு கால் வெச்சு மாத்திக்கலாமுங்க" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பதினைந்து துரைமார்கள் இருக்கிற ஊரில் ஒரு துரை என்னிடம் யோசனை கேட்கிறார். நாக்கு சும்மா இருக்குமா?

"முடுக்காம போட்டா அது கப்பல் நாற்காலியே இல்லீங்க தொரை. சொகமே அந்த முடுக்குலதானுங்க இருக்குது" என்றேன்.

"மேஜைக்கும் நாற்காலிக்கும் எத்தனை தூரம்?"

எனக்கு எப்படித் தெரியும்? முழங்கையிலிருந்து விரல் நுனி வரை கையை நீட்டிக் காட்டினேன். "இத்தன தூரமுங்க. சீமைக் கப்பல்ல எல்லாம் இதே கணக்குத்தானுங்க."

கிளப்பின் மரவேலைக்காரர் ஞானமுத்து பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர். பேச்சு குறைவு, வேலை சுத்தம். கிளப்புக்குப் பின்னால் இரண்டு அறை வீடு கொடுத்திருந்தார்கள். அதில் அவரும் மனைவியும் இருந்தார்கள். என் கையைக் கயிற்றால் அளந்துகொண்டு, துரை போன பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ண மொதல்ல முடுக்கி, ஆள உக்கார வச்சுப் பாத்துருவமா? சரியா இருந்தா மத்தத முடுக்கிக்கிடலாம்லா."

"கப்பலப் பாத்தவன் நானா, நீங்களாங்க?" என்றேன்.

அவர் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். தேக்குப் பலகைத் தரையில் துளை போட்டு இருபத்துநாலையும் முடுக்கினார். எல்லாம் என் கை நீளத்துக்கு. நான் அந்தக் காலத்தில் பஞ்சத்தில் அடிபட்டவன் மாதிரி இருப்பேன் என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் சனிக்கிழமைச் சாப்பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெருத்த உடம்புக்காரத் துரை ஒருவர் இருந்தார். அவர் நாற்காலியில் ஏறித் திரும்பினார். வயிறு மேஜை விளிம்பில் மாட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிட்டது. பக்கவாட்டில் உட்கார்ந்தபடியே கழுத்தை மட்டும் திருப்பிச் சாப்பிட்டார். அவருக்கு எதிரே குட்டையான டாக்டர் துரை. அவருக்குக் கால் தரையில் படவில்லை, சூப் வாய்க்கு எட்டவில்லை. ஒவ்வொரு கரண்டிக்கும் கும்பிடு போடுவதுபோல முன்னால் குனிந்தார். ஒரு துரைசானி மறந்துபோய் நாற்காலியைப் பின்னால் தள்ளப் பார்த்தாள். நாற்காலி அசையவில்லை, அவள்தான் பின்னால் போய் மோதினாள். ஆனால் ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே! "அப்படியே கப்பல் மாதிரி இருக்கிறது!" என்று ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள். சங்கடமாக இருக்கிறது என்று சொன்னால், முதல் வகுப்பில் போய்ப் பழக்கம் இல்லாதவன் என்று ஆகிவிடுமே என்கிற பயம். நானும் கையைக் கட்டிக்கொண்டு, "பழகினாச் சரியாப் போயிருமுங்க" என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலுக்கு அன்றைக்கு மாலை போடாத குறை.

பெருத்த துரை மட்டும் மறுவாரம் ஞானமுத்துவிடம் தனியாகப் போய், தன்னுடையதை நாலு விரல் தள்ளி முடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். அது செக்ரட்டரி துரை காதுக்குப் போயிற்று. உடனே சுவரில் ஒரு நோட்டீஸ். செக்ரட்டரி கையெழுத்திட்ட உத்தரவு இல்லாமல் ஒரு போல்ட்டைத் தொட்டாலும் தொட்டவருக்கு வேலை கிடையாது, வீடும் கிடையாது. இங்கிலீஷில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழ் நோட்டீஸ் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்படி இருக்கும்போது, தோட்டக் கம்பெனியின் பெரிய துரை சீமையிலிருந்து வருகிறார் என்று தகவல் வந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் மேனேஜர் மாறுவார், தோட்டமே கைமாறும். அவருக்குக் கிளப்பில் மத்தியானச் சாப்பாடு. செக்ரட்டரி துரை வெள்ளையடித்தார், பித்தளை துலக்கினார், கப்பல் மணிக்குப் புதுக் கயிறு கட்டினார். அன்றைக்குக் காலையில் விருந்தாளியை எதிர்கொண்டு அழைத்துவர மலையடிவாரத்துக்கு மோட்டாரில் இறங்கிப் போய்விட்டார். ஒரு மணிக்குச் சாப்பாடு.

பத்து மணிக்கு முன்னதாகவே பெட்டிகளோடு ஒரு வண்டி வந்தது. பெரிய துரையின் சொந்த வேலைக்காரர் இறங்கினார். சென்னையில் அவரிடம் சேர்ந்தவராம். பார்த்தால் எங்கள் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துச் சித்தூர் ஆள். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம். காப்பி கொடுத்துச் சாப்பாட்டு அறையைச் சுற்றிக் காட்டினேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, எங்க தொரை எதுல உக்காருவாருங்க?"

"இதுலதானுங்க. நடுவுல, மரியாதையான எடம்."

"அவருக்கு வலது முட்டி மடங்காதுங்களே! சண்டைல குண்டு பட்டதுங்க. கால நேரா நீட்டித்தான் உக்காருவாரு. உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவரே அந்த நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டிக் காட்டினார். கால் மேஜைக்கு அடியில் இருந்த குறுக்குக் கம்பியில் போய் இடித்து நின்றது. பக்கவாட்டில் நீட்டினால் அடுத்த நாற்காலியின் இரும்புக் கால். பின்னால் தள்ளலாம் என்றால் தரையோடு முடுக்கியிருக்கிறது.

"இதுல உக்காரோணும்னா கால ரம்பம் போட்டு அறுத்துத்தானுங்க வெக்கோணும்" என்றார். "மொகத்துக்கு நேரா ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க. போன ஊர்ல இப்படித்தான், சூப்பு வர்றதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டாரு. அப்பறம் அந்த ஊருக்கு என்னாச்சுன்னு கேக்காதீங்க."

செக்ரட்டரி துரை மலைக்குக் கீழே. கையெழுத்து வாங்க வழியில்லை. போல்ட்டைத் தொடாவிட்டால் விருந்து நாறும். தொட்டால் நோட்டீஸ் சுவரில் இருக்கிறது. தம்பிகளே, இந்த இடத்தில் நான் நல்ல முடிவுதான் எடுத்தேன். சாப்பிட வருகிறவனுடைய கால் முதலில், நோட்டீஸ் அப்புறம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். முடிவில் தப்பில்லை.

ஞானமுத்துவைத் தேடிப் பட்டறைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"ஒண்ண எடுத்தாப் பத்தாது அண்ணாச்சி. காலு நீட்ட அடுத்ததையும் எடுக்கணும். மூலையில ரெண்டு எடுத்தா எடம் வரும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "செய்யதுல ஒண்ணும் கஷ்டமில்ல. நோட்டீஸ்ல வீடும் கெடையாதுன்னு போட்டிருக்காவளே. எம் பொஞ்சாதி இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. இந்த நேரத்துல வீட்டை விட்டு எறங்குன்னுட்டா நான் எங்க போவேன்?"

"நாஞ் சொல்றனுங்க ஞானமுத்து. தொரை கேட்டா, பட்லர்தான் கழட்டச் சொன்னாருன்னு எம் பேரச் சொல்லுங்க. மிச்சத்த நாம் பாத்துக்கறேன்."

"நீங்க சொல்லுவியளா?"

"சொல்லாம? ஒரே வாயிங்க எனக்கு."

அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கிளப்புக் கட்டடம் கல்தூண்மேல் நிற்பது. பலகைத் தரைக்குக் கீழே ஒரு ஆள் தவழ்கிற அளவுக்கு இடம் உண்டு. ஞானமுத்து கீழே தவழ்ந்து போய் மல்லாந்து படுத்து நட்டைப் பிடித்துக்கொண்டார். மேலேயிருந்து போல்ட்டைத் திருகியது நான்தான். எட்டு போல்ட். பாதித் துரு. ஒன்று வருவதற்கே கால் மணி நேரம். கீழேயிருந்து, "திருகுங்க அண்ணாச்சி, விட்டுறாதிய" என்று குரல் வரும். இரண்டு நாற்காலியையும் தூக்கிப் பின்னால் ஒளித்துவைத்தோம். குதிரைலாயத்தில் தூசியடைந்து கிடந்த பழைய பிரம்பு நாற்காலி ஒன்றைத் துடைத்து மூலையில் போட்டோம். ஞானமுத்து ஒரு முக்காலியின் கால்களை, நீட்டிய காலின் குதிகால் வந்து படுகிற உயரத்துக்கு அறுத்து, மேலே மெத்தை வைத்துக் கொடுத்தார். சித்தூர்க்காரர் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்துச் "சரிங்க" என்றார்.

ஆனால் இன்னொரு சிக்கல். பெரிய மனிதரை மூலையில் உட்கார வைப்பதா? மரியாதை நடுவில் அல்லவா இருக்கிறது? மேஜையைத் திருப்ப முடியாது. அதையும் முடுக்கித் தொலைத்திருந்தோம். அதனால் மரியாதையைத் திருப்பினேன். நடுவில் இருந்த வெள்ளிப் பூக்கிண்ணத்தைத் தூக்கி அந்த மூலைப் பக்கம் வைத்தேன். வெள்ளி விளக்கையும் அங்கே கொண்டுபோனேன். செக்ரட்டரி துரையின் பெயர்ச்சீட்டை அதற்குப் பக்கத்தில் மாற்றினேன். கிளப்பில் தலைமாடு எது, கால்மாடு எது என்று யாருக்கும் தெரியாது. பூ எந்தப் பக்கமோ அதுதான் தலைமாடு. இந்த வித்தையை மட்டும் நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம், எந்தக் கப்பலிலும் பலிக்கும்.

ஒரு மணிக்குப் பெரிய துரை வந்தார். செக்ரட்டரி துரை மூலையைப் பார்த்தார்; முகம் வெளுத்தது; என்னைப் பார்த்தார். அதற்குள் பெரிய துரை கோலைச் சுவரில் சாய்த்து, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, காலை முக்காலிமேல் நீட்டி, "அம்மாடி" என்கிற மாதிரி ஒரு மூச்சு விட்டார். இந்தத் தேசத்தில் வந்து இறங்கின பிறகு இன்றைக்குத்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னார். இது யாருடைய யோசனை என்று கேட்டார்.

"என்னுடையதுதான் சார்" என்றார் செக்ரட்டரி துரை. கண்ணை மூடித் திறக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அதோடு நின்றிருந்தால் எல்லாருக்கும் நல்லது. சூப் வந்தது. பெரிய துரை தலையைத் தூக்கி மேஜையைச் சுற்றிப் பார்த்தார். டாக்டர் துரை கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். பெருத்த துரை கழுத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார். எனக்கு மட்டும் நல்ல நாற்காலி கொடுத்துவிட்டு மற்றவர்களை ஏன் கட்டிப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார் பெரிய துரை. இவை கப்பல் நாற்காலிகள் என்றார் செக்ரட்டரி. "ஏன், இந்த மலை ஆடுமா?" என்றார் அவர்.

சிரிப்பு வெடித்தது. பல மாதமாக அடக்கிவைத்த சிரிப்பு. பெருத்த துரை சிரிக்க முயன்று, மேஜை வயிற்றில் அழுத்த, இருமிவிட்டார். துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செக்ரட்டரி துரையும் சிரித்தார். அவருடைய காது மட்டும் சிவந்திருந்தது. ஒரு நாற்காலிக்காகப் பாராட்டு வாங்கினார்; இருபத்திரண்டு நாற்காலிக்காக அவமானம் வாங்கினார். பாராட்டை அவரே வைத்துக்கொண்டார். அவமானத்தை யார் தலையிலாவது இறக்க வேண்டுமே!

மறுநாள் காலையில் விருந்தாளி போனதும் எங்கள் இருவரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். மூலையில் தரையில் எட்டு ஓட்டை. கிளப் சொத்துக்குச் சேதம் என்றார். இருபத்துநாலு நாற்காலிக்காகத் தொண்ணூற்றாறு ஓட்டை போட்டது அலங்காரம். அதில் எட்டு கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் சேதம்.

"யார் ஆர்டர் கொடுத்தது?" என்று ஞானமுத்துவைக் கேட்டார்.

ஞானமுத்து என் பெயரைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, கெஞ்சிப் பார்க்கவில்லை. ஒரு ஆள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கும்போது பார்ப்போமே, அப்படிப் பார்த்தார். நான் சொல்வேன் என்று நினைத்தார், பாவம்.

"பட்லர்! உனக்குத் தெரியுமா?"

வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது இது:

"நான் சமையல்கட்டுல இருந்தனுங்க தொரை."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ விதமாகச் சமாதானம் தேடிப் பார்த்துவிட்டேன். பயம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சற்று முன்னால்தான் பெரிய துரை போகும்போது, நல்ல பட்லர் என்று என் தோளில் தட்டிவிட்டுப் போயிருந்தார். அந்தத் தட்டு வாங்கின தோளோடு நோட்டீஸுக்கு முன்னால் போய் நிற்க எனக்கு முடியவில்லை.

ஞானமுத்து என்மேலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு துரை பக்கம் திரும்பினார்.

"நானாத்தான் கழட்டுனேன் தொரை. விருந்தாளிக்குக் காலு நீட்ட எடமில்லன்னு கழட்டுனேன்."

நாளை மத்தியானத்துக்குள் வீட்டைக் காலி செய் என்று செக்ரட்டரி துரை சொல்லிவிட்டார். மனைவி நிறைமாசம் என்று ஞானமுத்து ஒரே ஒரு தடவை சொன்னார். நோட்டீஸ் எல்லாருக்கும் ஒன்று என்று பதில் வந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பழமொழி சொல்கிறோம். எய்தவன் நான், பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு மாசத்தில் போடிநாயக்கனூரிலிருந்து வேறொரு மரவேலைக்காரரை வரவழைத்து மிச்ச நாற்காலிகளையும் கழற்றினார்கள். உறுப்பினர்களின் சௌகரியத்தை முன்னிட்டுச் செக்ரட்டரி எடுத்துக்கொண்ட அக்கறைக்கு நன்றி என்று கிளப் புத்தகத்தில் தீர்மானம் எழுதினார்கள். எனக்கும் பெயர் வந்தது. முட்டி மடங்காத பெரிய துரையை உட்கார வைத்த பட்லர் என்று வால்பாறை வரைக்கும் பேசினார்கள். சம்பளம் கூட்டிக் கேட்காமலே கூடிற்று. அதற்கப்புறம் நான் போன இடமெல்லாம் நாற்காலி விஷயத்தில் என்னைத்தான் கேட்டார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. உட்காருகிறவர்களை ஒழுங்காகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். உங்களை என்னிடம் அனுப்பிவைத்ததும் அந்தப் பெயர்தான். இந்தப் பேச்சு எதிலும் ஞானமுத்து என்கிற பெயர் வராது. அவர் மனைவிக்குப் பிரசவம் எங்கே ஆயிற்று, எப்படி ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். விசாரிக்கவில்லை.

கப்பலில் உங்களுக்கும் ஒரு நாள் வரும். ஒரு கிழவிக்காகவோ நொண்டிக்காகவோ ஏதாவது ஒன்றை இடம் மாற்ற வேண்டியிருக்கும். துணிந்து மாற்றுங்கள். அது கஷ்டமே இல்லை. யார் மாற்றச் சொன்னது என்று மறுநாள் கேட்பார்கள். கஷ்டம் அங்கேதான்.

அவர்கள் மலை இறங்கிப் போன காலையைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஞானமுத்து சமையல்கட்டுப் பின்வாசலுக்கு வந்தார். சற்றுத் தள்ளி அவர் மனைவி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தலையில் சாக்கைப் போட்டபடி நின்றாள். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் கையில் வைத்தார். கனமாக இருந்தது.

"எட்டு போல்ட்டு, எட்டு நட்டு, எட்டு வாசரு. எண்ணெ போட்டுத் தொடச்சு வச்சிருக்கேன். எண்ணிக்கிடுங்க அண்ணாச்சி. ஒண்ணு கொறஞ்சாலும் நாளைக்கு உங்க தலையிலதான் விடியும்."

எண்ணினேன் தம்பிகளே. அவர் முன்னாலேயே, ஒன்று விடாமல் எண்ணினேன். சரியாக இருந்தது. எண்ணி முடித்துவிட்டு அந்த மனுஷனிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"கீழ எறங்கற வழியெல்லாம் அட்டை கடிக்குமுங்க. பாத்துப் போங்க."